1949 இன்னும் ரத்தாகவில்லை

கெலிஓயா,
வெள்ளிக்கிழமை.

அன்பு மருமகன் ஷிராஸ் அவர்களுக்கு மாமா ஸெய்னுலாப்தீன் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் என் பிரஷர் ஒழுங்காக இருக்கிறது, பலாமரம் காய்த்திருக்கிறது, உங்கள் மாமி மஸாஹிரா மட்டும் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. டப்ளினில் நீங்களும் மகள் ஹிதாயாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

பிரசவத்துக்கு நாங்கள் வந்து சேர மாட்டோம். வட்சப்பில் சொன்னால் மகள் அழுவாள், ஆகவே கடிதம். போகும் நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போவது பிரதம லிகிதராக இருந்தவனுக்கு அழகா? கண்டிப் பழைய புத்தகக் கடையில் கிளறி, அயர்லாந்தின் 1949ஆம் வருட நடப்புகளைத் தொகுத்த தடித்த ஆண்டுநூல் ஒன்றை வாங்கினேன். பழசு என்று சிரிக்க வேண்டாம். முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் கோப்பு எழுதி நான் படித்த பாடம் ஒன்றுதான்: மேலிடம் புதிய சுற்றுநிருபம் அனுப்பி ரத்துச் செய்யும்வரை பழைய சுற்றுநிருபம் செல்லும். 1950ஆம் வருடப் புத்தகம் கடையில் இருக்கவில்லை, ஆகவே எதுவும் ரத்தாகவில்லை.

அந்த நாட்டில் தேயிலைக்கு ரேஷன் என்று படித்ததும் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைபார்க்கும் காளிமுத்துவிடம் ஐந்து கிலோ சொல்லி வைத்தேன். “அய்யா, நம்ம தேயில அங்க கடையிலயே விக்கிதாம்ங்க,” என்றான். அரசாங்க அறிவித்தல் பார்த்தாயா என்றேன், ஐந்து கிலோவையும் கட்டிக் கொடுத்தான். கிராமங்களுக்கு இப்போதுதான் மின்கம்பி இழுக்கிறார்களாம், ஒரு பெற்றோல்மெக்ஸ் விளக்கும் வாங்கினேன். “வீடியோ கோல்ல புள்ளட ஊட்டுல லைட் பத்துறது ஓங்களுக்கு வெளங்கல்லயா?” என்று மாமி கேட்டாள். அது டவுன், நான் கிராமத்தைச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு ஆறிப்போய்த்தான் வந்தது.

எல்லாவற்றையும்விட, அந்த வருடம் பிறந்து இறந்த குழந்தைகளின் அட்டவணை ஒன்று அதில் இருக்கிறது. மாமி பார்க்காதிருக்க அந்தப் பக்கத்தை ஸ்டேப்ளர் அடித்து வைத்தேன். மருமகன், அதைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பயம், தொழுகையில்கூட அந்த எண்தான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் விசா விண்ணப்பத்தோடு அந்த நாட்டு அதிகாரிக்கு ஏழு பக்கம் எழுதினேன். உங்கள் நாடு 1949 ஈஸ்டர் திங்களன்று பொதுநலவாயத்தை விட்டு விலகியது, எங்கள் நாடு விலகவில்லை, ஆகவே எந்தச் சுற்றுநிருபத்தின் கீழ் நான் விண்ணப்பிப்பது, உங்கள் ஆஸ்பத்திரிகளில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு என்ன ஏற்பாடு, எழுத்தில் பதில் தரவும் என்று கேட்டிருந்தேன். கொழும்புக்கு ரயிலில் போகும்போது விண்ணப்பக் கோப்பை மாமிதான் மடியில் வைத்திருந்தாள்.

கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படி ஒரு கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மேலிடத்துக்கு அனுப்பியிருப்பேன். மேலிடம் இன்னொரு மேலிடத்துக்கு. பதில் வரும்போது பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும். இதை வாய் தவறி மாமியிடம் சொன்னேன், அன்றிலிருந்துதான் பேச்சில்லை. முதல் பேரப்பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல ஆசைப்பட்டவன் நான், என் பேனாவாலேயே கெடுத்துக்கொண்டேன். மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பரகத்தும் மகளுக்கு இலேசான பிரசவமும் கிடைக்கட்டும். பிள்ளைக்கு உங்கள் பொறுமை வரட்டும், என் கையெழுத்து வேண்டாம்.

இப்படிக்கு,
மாமா ஸெய்னுலாப்தீன்

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் கூரியர்காரன் வந்தான். இரண்டு பாஸ்போர்ட்டிலும் விசா! என் ஏழு பக்கமும் வேலை செய்துவிட்டது என்று துள்ளினேன். மாமி அலுமாரியைத் திறந்து, சாரிகளுக்கு அடியிலிருந்து அந்த ஏழு பக்கத்தையும் எடுத்து நீட்டினாள். அதற்கும் கீழே இன்னொரு கடித உறை. மூன்று வருடத்துக்கு முன், இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிவராது என்று உங்கள் வாப்பாவுக்கு நான் எழுதி, தபாலில் போட மாமியிடம் கொடுத்தது. மறுத்தும் இனிப்புத் தட்டோடு வந்தார்களே, துணிச்சலான குடும்பம் என்றுதான் நான் அன்று சம்மதித்தேன்.

இக்கடிதத்தையும் தபாலில் போட மாமியிடமே கொடுக்கிறேன்.