நடுவில் ஓர் ஆள்

ப்ளைவுட் தடுப்பில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார் பேரம்.

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் இல்லை. மேசை இழுப்பறையைக் காலி செய்யும் சத்தம் கேட்டது. பிறகு அட்டைப்பெட்டிக்கு செலோடேப் ஒட்டும் சத்தம்.

நாட்டின் பாதுகாப்புத் தளவாட முகமையில் ராணுவத்துக்குத் தலைக்கவசம், பூட்ஸ், கூடாரம் எல்லாம் விலை பேசி வாங்குகிறவர் அவர். வியாபாரி நூறு சொன்னால் முப்பதில் ஆரம்பிப்பார், முப்பத்தைந்தில் முடிப்பார், எழுந்திருக்கும்போது கூடாரத்தோடு கயிறும் சேர்த்துத்தானே என்பார். அதனால் பேரம். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர், வாங்கியதையெல்லாம் அடித்துப் பார்த்துச் சோதிக்கிறவர். அதனால் சுத்தியல்.

சுத்தியலுக்கு இன்று வேலையில் கடைசி நாள். சாயங்காலம் விமானம் ஏறி, வெளிநாட்டில் இருக்கும் மகளோடு தங்கப் போகிறார். திரும்பி வரப்போவதில்லை.

அதற்குள் பேரம் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆனால் சொல்வதற்கு நடுவில் ஓர் ஆள் வேண்டும். அது விதி.

முகமை பிறந்தபோது அதற்கு முகமை என்ற பெயரே கிடையாது. ஒரு லாரிப் பட்டறைக்குப் பின்னால் ஒரே அறை, ஆறு நாற்காலி, 'தளவாட வாரியம்' என்று ஒரு தகரப் பலகை. வாங்குகிறவரும் சோதிக்கிறவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பிறகு எங்கோ ஒரு கிளையில் வாங்குகிறவனும் சோதிக்கிறவனும் கூட்டுச் சேர்ந்து, கீழே போட்டால் சட்டி மாதிரி உடைகிற தலைக்கவசங்களை வாங்கித் தள்ளினார்கள். விஷயம் நாறியது. புதுத் தலைவர் வந்தார். வாரியம் ஆணையம் ஆயிற்று, ஒரு மேசை இரண்டாயிற்று, நடுவில் ப்ளைவுட் முளைத்தது. வாங்குகிறவரும் சோதிக்கிறவரும் மூன்றாம் ஆள் இல்லாமல் பேசக் கூடாது. பரிசு கூடாது. ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போகக் கூடாது. மீறினால் வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும்.

அடுத்து வந்த தலைவர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஒருவர் ஆராய்ச்சிப் பிரிவை ஒட்ட வைத்தார், இன்னொருவர் பிய்த்து எடுத்தார். ஒருவர் ஏற்றுமதிக்கென்று ஒரு மாடியே கட்டினார். ஏற்றுமதி செய்ய ஒன்றும் இல்லாததால் அங்கே உடைந்த நாற்காலிகளைப் போட்டார்கள். ஆணையம் கழகம் ஆகி, கழகம் முகமை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் சுற்றறிக்கைகள் கட்டுக்கட்டாக வந்தன. அவற்றில் எந்தச் சாமானுக்கும் விலை போட்டிருக்காததால் பேரம் படித்ததில்லை. அடித்துப் பார்க்க முடியாத காகிதம் என்று சுத்தியலும் தொட்டதில்லை.

ப்ளைவுட் மட்டும் நின்றது. சாட்சி வைத்துக்கொண்டு சிநேகிதனிடம் பேசுவதா என்று இரண்டு பேருக்கும் ஒரு வீம்பு. பேசாமலே காலம் ஓடிவிட்டது.

பேரத்தின் மனைவி இறந்தபோது சுத்தியல் வரவில்லை. ஆனால் எல்லாம் முடிந்து பேரம் ஆபீசுக்குத் திரும்பிய அன்று, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அடிகூட விழவில்லை. நாள் முழுக்க மௌனம். அதையே துக்கம் விசாரித்ததாக எடுத்துக்கொண்டார் பேரம்.

சுத்தியலின் மகள் கல்யாணத்தன்று மண்டபத்துக்கு எதிர்ச் சாரியில், பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி பேரம் நின்றார். வந்த பஸ்ஸையெல்லாம் விட்டார். மணப்பெண் சிரித்துக்கொண்டே காரில் ஏறியதைப் பார்த்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

'மச்சான், நானும் வந்திருந்தேன்.' அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்து மேசை தட்டச்சு அம்மாவிடம் போனார்.

"அம்மா, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் வர்றீங்களா? அவர்கிட்ட பேசணும். நீங்க நடுவுல நின்னா போதும்."

அந்த அம்மாவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. "நீங்களுமா?"

"ஆமா. இத்தனை வருஷமா நெஞ்சுக்குள்ளயே வெச்சிருக்கேன். இன்னிக்குத் தீத்துடணும்."

"வேண்டாம் சார். இவ்வளவு நாள் பொறுத்தீங்க. இன்னும் அரை நாள். கண்ணை மூடித் தொறந்தா ஓடிரும்."

"ஓடிரும்னுதாம்மா சொல்றேன்!"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு சார்" என்றபடி கைப்பையை எடுத்துக்கொண்டு, நேரே பிரிவுத் தலைவர் அறைக்குள் போய்விட்டார்.

விதி என்றால் என்ன பயம் பார் என்று பேரம் நினைத்துக்கொண்டார்.

பிரிவுத் தலைவர் சின்ன வயசுக்காரர், வேலைக்கு வந்தே கொஞ்ச காலம்தான். வேர்த்த நெற்றியோடு வெளியே வந்தார்.

"சார், நீங்க பெரியவங்க. எதுவா இருந்தாலும் என் ரூம்ல, என் முன்னாடி பேசுங்க. நான் அவரை வரச் சொல்றேன். ஆனா சத்தம் போடக் கூடாது."

"சத்தம் எதுக்குங்க? ஒரே ஒரு வார்த்தை."

"அது என்ன வார்த்தைன்னு முன்னாலயே சொல்லிட்டீங்கன்னா..."

"உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அவர் மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியது அது."

தலைவர் தண்ணீர் குடித்தார். "அப்ப செக்யூரிட்டியும் கூட இருக்கட்டும்."

பேரத்துக்கு மனம் குளிர்ந்தது. கேட்டது ஓர் ஆள், கிடைத்தது இரண்டு. அவர் சர்வீஸில் எதுவும் இவ்வளவு மலிவாகப் படிந்ததில்லை.

செக்யூரிட்டி ஆபீசர் வந்தார். "உள்ள போறதுக்கு முன்னால பாக்கெட்டைப் பாத்துக்கறேண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க."

கோட்டின் உள்பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியல் வந்தது. தேக்குப் பிடி போட்டு, தலையைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, கொல்லரிடம் சொல்லிச் செய்தது. பேரம் வாழ்க்கையில் விலை பேசாமல் வாங்கிய ஒரே பொருள்.

"இது எதுக்குண்ணே?"

பரிசு என்றால் தொலைந்தது. கடைசி நாளில் சிநேகிதனின் ஓய்வூதியத்துக்கு உலை வைத்தது போலாகும்.

"அது... எப்பவும் என்கிட்ட இருக்கும்."

"எப்பவுமா?"

"சேச்சே, இன்னிக்குத்தான் கொண்டாந்தேன்."

"இன்னிக்குத்தானா!"

"ஆணி அடிக்கப்பா!"

"ஆணி எங்கண்ணே?"

ஆணி இல்லை. வியாபாரிகளை மணிக்கணக்கில் பேசி மடக்குகிற வாய் அது. இப்போது பொய் சொல்லத் தெரியாமல் குழறியது. "அவருக்குத்தான்..." என்று ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவருக்கா!"

அப்புறம் நடந்ததெல்லாம் முகமையின் வரலாற்றிலேயே காணாத வேகம். ஒரு பெட்டி பூட்ஸை ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு நகர்த்த ஒரு மாதம் எடுத்துக்கொள்கிற அலுவலகம், பிரிவு உபசாரக் கூட்டத்தை ஒரே போனில் ரத்து செய்தது. பேரத்தை மேல்மாடிக் கூட்ட அறையில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு காவலர்களை நிறுத்தினார்கள்.

"மனசைச் சாந்தமா வெச்சுக்குங்க அண்ணே" என்றார் செக்யூரிட்டி ஆபீசர். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுரும்."

"என்னப்பா முடியறது? ஆரம்பிக்கவே விடலையே நீங்க!"

ஜன்னல் வழியே பின்வாசல் தெரிந்தது. சுத்தியல் அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அவருக்கும் இரண்டு பக்கமும் காவலர்கள். முதுகு கூன் விழுந்திருந்தது. இவ்வளவு நரை எப்போது வந்தது? ப்ளைவுட்டில் காதை வைத்துக் கேட்டால் நரை தெரியாதே.

கார்க் கதவைத் திறந்துவிட்டார்கள். அவர் ஏறாமல் நின்று, ஒவ்வொரு ஜன்னலாக அண்ணாந்து பார்த்தார்.

"மச்சான்!"

பேரம் கண்ணாடியைத் தட்டினார். காவலர்கள் பாய்ந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். வெடிகுண்டுக்கும் தாங்கும் கண்ணாடி அது. பேரம் விலை பேசி, சுத்தியல் அடித்துப் பார்த்து வாங்கியது. ஒரு சத்தமும் வெளியே போகவில்லை.

கார் தெருமுனையில் திரும்பிய பிறகுதான் கையை விட்டார்கள்.

மூச்சு வாங்கப் படியிறங்கிப் பின்வாசலுக்கு ஓடினார். தெருவில் ஒன்றும் இல்லை. நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தட்டச்சு அம்மா தண்ணீரோடு வந்து நின்றார். "குடிங்க சார். நான்தான் அவசரப்பட்டு மேலே போய்ச் சொல்லிட்டேன். காலையில அவரும் வந்து இதே மாதிரி, நடுவுல கொஞ்சம் நில்லும்மா, அவர்கிட்ட பேசணும்னாரு. ஒரே நாள்ல ரெண்டு பேரும் கேட்டா எனக்குப் பயமா இருக்காதா?"

பேரம் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"கேட்டானா? பாவி, அவனும் கேட்டானா? நாங்க என்னம்மா பண்றது? வாங்கறவனும் சோதிக்கிறவனும் நடுவுல ஆள் இல்லாம பேசக் கூடாதுன்னு விதி வெச்சிருக்காங்களே!"

"அந்த விதியா சார்? முகமைன்னு பேர் மாத்தின அன்னிக்கே அதை எடுத்துட்டாங்களே! அதுக்கப்புறமும் நீங்க ரெண்டு பேரும் பேசிக்காததாலதானே, ஏதோ தீராத பகைன்னு ஆபீசே நினைச்சிட்டிருக்கு!"