முட்டை மன்னித்த பாவம்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரகடம் என்று கூவுவதில்லை. "முட்டைச் சாமி! முட்டைச் சாமி! ஒரே ஆளு, ஏறு!" என்றுதான் கூவுகிறார்கள். உள்ளே ஏற்கெனவே எட்டுப் பாவிகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவது பாவியாக நானும் ஏறினேன்.

வாலாஜாபாத் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. கால் வைக்க இடமில்லை. ஷிஃப்ட் முடித்தவர்கள் கழுத்திலிருந்து ஐ.டி. கார்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்கள். மேலுலகத்திலும் கேட்டில் காட்டச் சொல்வார்களோ என்னவோ.

முறை எளிது. வாசலில் ஒரு முட்டை வாங்க வேண்டும். செய்த பாவத்தை அதன் காதில் ரகசியமாகச் சொல்ல வேண்டும். முட்டைக்குக் காது எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டதில்லை. நான் கூரான பக்கமாகச் சொன்னேன். சாமி அதை முதல் அண்டாவில் போடுவார். மூழ்கும். "பாவம் கனக்குது!" பரிகாரம் செலுத்தி மூன்று சுற்றுச் சுற்றி வந்தால், அதே முட்டையை இரண்டாவது அண்டாவில், மோட்ச தீர்த்தத்தில் போடுவார். மிதக்கும். "தொலைஞ்சது, போ!" அப்புறம் ஒரே ஒரு விதிதான். அந்தப் பாவத்தை இனி எவரிடமும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த விதிதான்.

என் பெயர் பாண்டுரங்கன். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்டர். பிரஸ் மிஷினுக்குள் கை போனால் மிஷினை நிறுத்துகிற சென்சார் வேலை செய்கிறதா என்று தினமும் பார்த்து, தாளில் டிக் அடிக்க வேண்டும். பார்ப்பது கஷ்டம், டிக் அடிப்பது சுலபம். டீயைக் குடித்துக்கொண்டே பதினோரு வருஷம் டிக் அடித்தேன். போன மாதம் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் சென்சார் செத்துக் கிடந்தது. என் தாளில் மட்டும் உயிரோடு இருந்தது. கான்ட்ராக்ட் தொழிலாளி கலைமதிக்கு இரண்டு விரல் போய்விட்டது.

"சென்சார் ஓகே என்று தாளில் இருக்கிறது. ஆகவே கவனக்குறைவு அந்தப் பெண்ணுடையது" என்றது கம்பெனி. திங்கட்கிழமை கடைசி விசாரணை. தப்பு அவளுடையது என்று முடிவானால் அவளுக்கு வேலையும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை. நான் வாயைத் திறந்தால் எனக்கு வேலை இல்லை. ஆகவே முட்டையிடம் திறந்தேன்.

என் முட்டை ஜம்மென்று மிதந்தது. நெஞ்சும் லேசானது. திரும்பிப் பார்த்தால், எனக்கு அடுத்து நிற்பது கலைமதி! வலது கையில் கட்டு. கூடவே மாமியார் சரோஜா.

"இவ இன்னா பாவம் பண்ணாளோ சாமி, வெரலு போச்சு" என்றாள் மாமியார்.

சாமி முட்டையைப் போட்டார். மூழ்கியது. "முன்ஜென்மத்துல எவன் கையையோ வெட்டினவ. பதினோரு வாரம் வரணும்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. வெட்டியவன் இரண்டடி தள்ளி நெற்றி நிறைய விபூதியோடு நின்றுகொண்டிருந்தான்.

"நான் முட்டைகிட்ட ஒண்ணுமே சொல்லலியே சாமி. அப்புறம் எதுக்கு முழுகுது?" என்றாள் கலைமதி.

"சாமிய எதுத்துப் பேசாதடி!" என்றாள் சரோஜா.

"இருங்க அத்தே. லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா, தப்பு பீஸ் மேலயா, அளக்கற கேஜ் மேலயான்னு பாப்போம்ல?"

சாமி தடுப்பதற்குள், இடது கையால் தன் முட்டையை எடுத்து மோட்ச தீர்த்தத்தில் போட்டாள். மிதந்தது. பரிகாரம் இல்லை, பதினோரு வாரம் இல்லை. அங்கே மிதந்துகொண்டிருந்த என் முட்டையை எடுத்து முதல் அண்டாவில் போட்டாள். நேராக அடியில் போய் உட்கார்ந்தது. பிறகு மோட்ச தீர்த்தத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"தூ! உப்பு! மூட்டை மூட்டையா கொட்டி வெச்சிகிறான்!"

"தீர்த்தம் தீட்டாயிடுச்சு!" என்று சாமி அலறினார். யார் கேட்டார்கள்? ஒருவர் பின் ஒருவராக அண்டாவில் விரலை விட்டு நக்கிக்கொண்டிருந்தார்கள். சாமி பின்பக்கத் தகரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார்; பரிகாரப் பெட்டியை எடுக்க மட்டும் மறக்கவில்லை.

கலைமதி சிரித்தபடி என்னைப் பார்த்தாள். "உங்க முட்டையும் முழுகிடுச்சு சார். அப்படி இன்னா பாவம் பண்ணீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அந்த விதி ஞாபகம் வந்தது. சாமி பொய், தீர்த்தம் பொய் என்று தெரிந்த பிறகும் விதியை மட்டும் நம்ப எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அவள் கைக்கட்டு கண்ணில் பட்டது. வெட்கமாகப் போயிற்று.

"ஏழாம் நம்பர் சென்சாரை நான் பாக்கலைம்மா. பாக்காமலே டிக் அடிச்சிட்டேன். மன்னிச்சிடும்மா."

சிரிப்பு நின்றது.

"வெரலு என்னுது. நீ முட்டைகிட்டயா போய்ச் சொன்ன?" என்றாள். 'சார்' போயிருந்தது. "நாளைக்கு விசாரணையில எழுதிக் குடு. மன்னிக்கறதா வேணாமான்னு நான் அப்புறம் பாத்துக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளைப் படித்தும் பார்த்தேன், பதினோரு வருஷத்தில் முதல்முறையாக. இப்போது அவள் வேலையில் இருக்கிறாள். நான் இல்லை. மன்னிப்பு இன்னும் வரவில்லை. இரவு தூக்கம் மட்டும் கொஞ்சம் வருகிறது.

சாமி இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தேங்காயோடு உட்கார்ந்திருக்கிறாராம். நல்ல கூட்டமாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். போகும் வழியில் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: நீங்கள் மிதித்தது யார் காலை, தேங்காயின் காலையா?