அந்துப்பூச்சிகளுக்கு நான் போட்ட பந்தல்

கூச்ச சுபாவம் உள்ளவன் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம், ஓட்டுகூடப் போடலாம். பசுமைக்குடிலில் தக்காளி மட்டும் பயிரிடக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக்கும் வலையும் போர்த்திய குடில் எங்களுடையது. பெயர் என்னுடையது, அதிகாரம் என் மனைவி கஸ்தூரியுடையது. முதல் விளைச்சலை ஊசிப்புழு துளைத்துத் தீர்த்துவிட்டது. மறுபடி நாற்று நட்ட அன்றே கஸ்தூரி சொல்லிவிட்டாள்.

"இந்த தபாவும் புழு துன்னுச்சின்னா குடில பிரிச்சிடுவேன். நீ ஒரகடத்துல வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கினு இரு."

(முன்பின் தெரியாதவர்களை நிறுத்தி "யார் நீ?" என்று அதட்டும் வேலை. எனக்குத் தெரிந்தவர்களிடமே பேச்சு வராது.)

பயந்துபோய்த் தோட்டக்கலை ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்த அதிகாரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முக்கோணப் பெட்டி மாதிரி ஒரு பொறியையும், சட்டைப் பொத்தான் அளவு ரப்பர் ஒன்றையும் மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, இந்த ரப்பர்ல பெண் பூச்சியோட வாசனை இருக்கு. ஜோடி சேர ஆசைப்பட்டு ஆண் பூச்சி தேடிக்கிட்டு வரும். வந்தா..."

அதற்குமேல் என் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஒரு பெண்பிள்ளை, பட்டப்பகலில், இந்த விஷயத்தை, என்னிடம்! தலையைக் குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். "புரிஞ்சுதாண்ணே?" என்றபோது பூம்பூம் மாடு போலத் தலையாட்டினேன்.

அவர் கொடுத்த பொறிகளைக் குடிலில் தொங்கவிட்டேன். உள்ளே வைக்கும் அட்டைமேல் வழவழப்பான காகிதம் ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டில் புதுப் பொருளின் மேலுறையைக் கிழிப்பது குற்றம். டிவி ரிமோட் இன்றும் பாலித்தீனுக்குள்தான் வாழ்கிறது. அட்டையும் அழுக்காக வேண்டாமே என்று காகிதத்தோடே வைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் போனால், பொறியைச் சுற்றிச் சாம்பல் நிறப் பூச்சிகள் மாப்பிள்ளைக் கூட்டமாகப் பறக்கின்றன! பெருமை தாங்காமல் கஸ்தூரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கூட்டம் நல்லாதான் கீது. ஆனா இன்னாய்யா, ஒண்ணுகூட சாவல?"

"ஏங்கியே செத்துடும்" என்றேன். (உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன்.)

கீழ்க்கொத்துகள் காய் பிடித்த சமயத்தில், பொறி வைக்கும் விதத்தைக் காட்டுவதற்காக அதிகாரி திருப்புலிவனத்து விவசாயிகளை எங்கள் குடிலுக்கே அழைத்து வந்துவிட்டார். கஸ்தூரியின் தம்பி ஏழுமலையும் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். அதிகாரி அட்டையை வெளியே உருவினார். அதன்மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பூச்சிகள் சாவகாசமாக எழுந்து பறந்துபோயின.

"அண்ணே, பேப்பர உரிக்கவே இல்லையா? அடியிலதானே பசை இருக்கு! பூச்சி அதுல ஒட்டிக்கும்னு சொன்னேனே!"

"புதுசு... அழுக்காயிடுமேன்னு..."

குடிலே சிரித்தது. கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தக்காளியைப் பறித்துக் காம்படியில் இருந்த துளையை எல்லோருக்கும் காட்டினாள்.

"பொண்ணு கீதுன்னு ஊரக் கூட்டி, பந்தல் போட்டு, குந்தறதுக்குப் பாயும் விரிச்சி வெச்சிகீறாரு எங்க வூட்டுக்காரு!"

அவசரமாகக் காகிதத்தை உரித்தேன். ஐந்து விரலும் பசையில் பதிந்துகொண்டன. உதறினேன். அட்டை விடவில்லை. ஏழுமலை கைதட்டினான்.

"மேடம், மொத ஆம்பள மாட்டிக்கினாரு!"

கீழ்க்கொத்துக் காய்களையெல்லாம் பறித்துக் குழியில் புதைத்தோம். பசை தன் வேலையைச் செய்ய, மேல்கொத்துகள் பெரும்பாலும் பிழைத்தன. ஒரகடம் தப்பித்தது. நான் தப்பிக்கவில்லை.

போன தையில் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை விரலில் மோதிரம் ஏறியதும் ஏழுமலை சபை நடுவே என்னைப் பார்த்துச் சொன்னான். "மாமா, உனக்கப்புறம் இப்பதான் இன்னொண்ணு மாட்டிகீது!"

சம்பந்தி வீட்டார் என்ன விவரம் என்று கேட்டார்கள். கஸ்தூரி புடவையைச் சரிசெய்துகொண்டு ரப்பரிலிருந்து ஆரம்பித்தாள். நான் செடிக்குத் தண்ணீர் விடக் கிளம்பிவிட்டேன்.