கோபமாகச் சோறு போடவும்

நம் நாட்டில் ஒரு பையன் வளர்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. சினிமாவில் வளர்வதற்குத்தான் தணிக்கைக் குழுவின் மேலான ஒப்புதல் வேண்டும்.

செந்தூல் வாணி ஒரு படம் எடுத்தாள். பள்ளிப் பையன் ஒருவன் கூடப் படிக்கும் இன்னொரு பையனை விரும்புகிறான். அழுகிறான், தடுமாறுகிறான், கடைசியில் அப்பாவிடம் சொல்லிவிடுகிறான். லோரி ஓட்டும் அப்பா சிரித்துவிட்டு, "சரி, வா, சாப்பிடு" என்று சோறு போடுகிறார். அவ்வளவுதான். அது அவள் தம்பி தனேஷின் கதை. ஆனால் அவர்களுடைய சொந்த அப்பா நாகையா, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மகனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. படத்தைப் பார்த்தாவது மனுஷன் வாயைத் திறக்கமாட்டாரா என்று வாணிக்கு ஒரு நப்பாசை.

குழுத் தலைவர் சுகுமாறன் மிகுந்த பரிவோடு பேசினார்.

"பையன் விரும்பட்டும்மா. கடைசியில திருந்திடணும்."

"திருந்தலைன்னா சார்?"

"செத்துப் போகலாம்," என்று சலுகை வழங்கினார் உறுப்பினர் உஷாராணி.

"மேடம், அவன் சோறுதானே சாப்பிடுறான்!"

"அதுதான் சிக்கலே. அப்பா பெல்ட்டால அடிச்சா, பதிமூணு வயசுக்கு மேல எல்லாரும் பார்க்கலாம். வீட்டை விட்டுத் துரத்தினா குடும்பத்தோட பார்க்கலாம். சிரிச்சுக்கிட்டே சோறு போட்டா யாருமே பார்க்கக் கூடாது."

குழு ஆராய்ந்தது, தேநீர் அருந்தியது, மறுபடி ஆராய்ந்தது. சோறு போடலாம், ஆனால் முகத்தில் கடுகடுப்பு இருக்க வேண்டும், ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவே கூடாது என்று தீர்ப்பு வந்தது.

வாணி அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்தாள். அப்பா முறைக்கிறார். "என்னடா முழிக்கிற? தின்னு!" என்று மீன் துண்டைத் தட்டில் போடுகிறார். முறைத்துக்கொண்டே இன்னொரு துண்டும் போடுகிறார். குழு பரம திருப்தியோடு முத்திரை குத்தியது.

அட, இவர்களுக்கெல்லாம் அப்பாவே இருந்ததில்லையா? எந்தத் தமிழ் அப்பா சிரித்துக்கொண்டு பாசம் காட்டியிருக்கிறார்? கிள்ளான் தியேட்டரில் அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சாத ஆள் இல்லை.

படம் முடிந்ததும் பக்கத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூட்டம் நிரம்பியது. நாகையா அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று தனேஷைப் பார்த்து முறைத்தார்.

"உன் கூடப் படிச்ச அந்தப் பையன் பேரென்ன?"

"குரு, அப்பா."

"தைப்பூசத்துக்குப் பத்துமலையில நம்ம தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் பத்தலை. அவனுக்கென்ன, கையில்லையா? வரச் சொல்லு!"

தனேஷுக்குத் தலைகால் புரியவில்லை. வாணிக்கோ அங்கேயே எழுந்து ஆடலாம் போலிருந்தது.

தியேட்டரில் எல்லாரையும்விடச் சத்தமாக அழுத புஷ்பவல்லி ஆன்டி பக்கத்து மேசையில்தான் இருந்தார். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு கணவரிடம் சொன்னார்:

"படத்துல பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு லா. அதுக்காக நேர்லயுமா?"

கடையே ஆமாமென்று தலையாட்டியது. சுகுமாறனுக்கு எதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்களோ தெரியவில்லை. அந்த வேலையை இலவசமாகச் செய்ய நாம் இத்தனை பேர் இருக்கிறோம்.