பல் டாக்டரின் மக்காச்சோளம்

மண்ணை நம்பி வாழ்கிறவன் விவசாயி. மண்ணைத் தொடாமலே விவசாயியாக இருக்கிறவன் மகா விவசாயி. பல் டாக்டர் இரண்டாவது வகை. மாமனார் எழுதிவைத்த நிலம் ஊருக்கு வெளியே எங்கோ இருந்தது. எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் கார் டிரைவரின் முகத்தைப் பார்ப்பார்.

உழுவது, விதைப்பது, களையெடுப்பது போன்ற சில்லறை வேலைகளையெல்லாம் குத்தகைக்கார அம்மாள் பார்த்துக்கொண்டாள். அந்த வருஷம் மக்காச்சோளம் அடிமாட்டு விலைக்குப் போனது. அறுத்து விற்றாலும் போட்ட முதல்கூட அவள் கைக்கு வராது. விவசாயியின் கண்ணீரைத் துடைக்க அரசாங்கம் "விலை ஆதரவுத் தொகை" அறிவித்தது. அது கிடைத்தால்தான் அடுத்த விதைப்பு. அவள் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"நிலம் யார் பேர்ல இருக்கு?" என்றார் விலை ஆதரவு அதிகாரி.

"பல் டாக்டர் பேர்லங்க."

"அப்போ விவசாயி அவர்தான். நீங்க எதுக்கும்மா வெயில்ல அலையறீங்க?"

எவ்வளவு கரிசனம் பாருங்கள்!

தொகை பெற ஒரே ஒரு விதி: "விவசாயி" பயிரோடு நிற்கும் புகைப்படம் வேண்டும். அதிகாரி பயிரின் எதிர்காலம் பற்றிய ஆலோசனைக் கூட்டங்களையெல்லாம் முடித்துவிட்டு, டாக்டரையும் ஏற்றிக்கொண்டு வயலுக்கு வந்து இறங்கினார். அங்கே வெறும் மண்தான் இருந்தது.

"பயிர் எங்கே?"

"அறுத்தாச்சுங்க" என்றாள் அவள்.

"ஆய்வு முடியறதுக்குள்ள யாரு அறுக்கச் சொன்னது?"

"முத்திப்போச்சுங்களே."

"முத்தினா? ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு முத்தக்கூடாதா?"

டாக்டருக்கும் சோளத்தின் மீது வருத்தம்தான். அவள் மாட்டுக்கு வைத்திருந்த காய்ந்த சோளத்தட்டையை வாரிக்கொண்டு வந்து வரிசையாக நட்டாள். கொஞ்சம் காற்றடித்ததும் அத்தனையும் படுத்துக்கொண்டன. கடைசியில் அவளே பின்னால் குத்தவைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"தலை தெரியுது, இன்னும் குனிம்மா" என்றார் அதிகாரி. "சார், நீங்க கொஞ்சம் நஷ்டப்பட்ட மாதிரி நில்லுங்க."

டாக்டர் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டதை நினைத்தார். முகத்தில் துயரம் தானாகவே கவிந்தது.

தொகை வந்தது. டாக்டர் அதில் நோயாளிகளுக்குச் சாய்வு நாற்காலி வாங்கினார். படத்தைப் பெரிதாக்கி நாற்காலிக்கு எதிரே மாட்டினார். பார்க்கும்போதெல்லாம் அவருக்கே தன் உழைப்பை எண்ணி நெஞ்சு அடைத்தது.

விதைப்பு நெருங்கியதும் அவள் வந்தாள். "ஐயா, வந்த பணத்துல விதைக்காவது..." என்று வாயைத் திறந்தாள்.

திறந்த வாயைக் கண்டால் டாக்டருக்கு வேறெதுவும் காதில் விழாது.

"அடடா, கடைவாய்ப் பல்லு போயிருச்சே! உட்காரு, உட்காரு. உன்கிட்ட காசா வாங்கப்போறேன்?"

அவள் சுதாரிப்பதற்குள் வாய் நிறையப் பஞ்சு. குறடைக் கையில் எடுத்தபடி டாக்டர் பேசினார். "ஒரு விஷயம்மா. முன்ன மாதிரி அது சும்மா நிலம் இல்ல. அரசாங்கமே பணம் குடுக்கிற நிலம். பழைய குத்தகைக்கு விட்டா நிலத்துக்கே கேவலம். கொஞ்சம் ஏத்தியிருக்கேன். கட்டாதுன்னா சொல்லிடு, வேற ஆள் பார்த்துக்கறேன். உனக்குச் சம்மதம்தானே?"

"ங்ங்..." என்றாள்.

"சந்தோஷம்."

அவள் விரலை நீட்டினாள். எதிரே படத்தில், தட்டைகளுக்கு நடுவே அவளுடைய இரண்டு கைகள். டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"கவனிச்சிட்டியா? அந்தக் கைதான் படத்தையே கெடுக்குது. வெட்டச் சொல்லியிருக்கேன்" என்றபடி பல்லைப் பிடுங்கினார்.

"இங்கே வலியில்லாமல் பிடுங்கப்படும்" என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார். பொய் சொல்லக்கூடாது. இதுவரை ஒரு தடவைகூட அவருக்கு வலித்ததில்லை.