விழுந்த தூதன் மீது பகிரங்க விசாரணை

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாத்தானின் கூட்டாளி ஒருவனைக் கூண்டில் ஏற்றப்போகிறார்கள் என்று தொழிற்சாலைச் சுவர் முழுக்கச் சுவரொட்டி. ஆதியிலேயே பரலோகத்திலிருந்து தள்ளப்பட்டவன். எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக யார் கையிலும் சிக்காதவன். கடைசியில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வந்து அகப்பட்டுக்கொண்டான். கெட்ட நேரம் யாரைத்தான் விட்டது?

ஒன்பது மணிக்கே கூட்டம் நெரிந்தது. தொழிலாளர்கள் வந்தார்கள், அவர்களுடைய மாமியார்கள் வந்தார்கள், எதிர்ச்சாரி சலூன்காரர் பாதி முகம் மழித்த வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கீழ்த்தளத்தில் பெட்டிக் கட்டுகளை ஓரங்கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசைக்கு மட்டும் வெள்ளைத் துணி. அது நியாயாதிபதிகளுக்கு. யார் அந்த நியாயாதிபதிகள்? பசை தடவுகிறவர்கள், அட்டை வெட்டுகிறவர்கள், சுமை ஏற்றுகிறவர்கள். கழிப்பறைக்குக் கதவு கேட்டபோது "உனக்கு என்ன தெரியும், போய் வேலையைப் பார்" என்று விரட்டப்பட்ட அதே ஆட்கள்தான். கழிப்பறைக்குக் கதவு இன்னும் வரவில்லை. வானத்துத் தூதனை விசாரிக்கும் பதவி வந்துவிட்டது.

ஏற்பாடு சங்கிலி ஐயாவுடையது. தூதர்களைக் கட்டும் சங்கிலி என்று ஒன்றை எந்நேரமும் தோளில் தொங்கவிட்டிருப்பார். பார்த்தால் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது போல இருக்கும். அப்படிச் சொன்னால் விசுவாசக் குறைவு.

வழக்கு இதுதான். மூன்று வாரங்களுக்கு முன் சரக்கு லிஃப்ட் இரண்டாம் மாடியிலிருந்து அறுந்து விழுந்தது. உள்ளே பெட்டிக் கட்டுகளோடு ஒரு சுமைக்காரர். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஐந்நூறு கிலோ தாங்கும் லிஃப்ட்டில் அன்றைக்கு ஏற்றியது தொள்ளாயிரம் கிலோ. கணக்குத் துல்லியம், ஏனென்றால் லிஃப்ட் வாசலில் எடை போடுகிறவர் அடிபட்டவரின் சொந்த அக்கா. 'எடை அக்கா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். "இவ்ளோ தாங்காது" என்று அவர் சொன்னார். "லாரி நிக்குது, ஏத்து" என்றார் முதலாளி. ஏற்றினார்கள்.

அடிபட்டவரின் மனைவிக்கு அதே தொழிற்சாலையில் பசைப் பிரிவில் வேலை. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர், வேதப்புத்தகத்தை வரிவரியாக அறிந்தவர். அந்தப் பெண் தொழிலாளர் நல அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். நான்கு சுமைக்காரர்கள் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை விசாரணை.

அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்த மறுநாள் முதலாளிக்குப் பக்தி வந்தது. அதற்கு மறுநாள் சங்கிலி ஐயா வந்தார்.

"லிஃப்ட் ஏன் விழுந்துச்சு? விழுந்தவன் அதுல குடியிருக்கான், அதனால விழுந்துச்சு" என்றார் அவர், சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பெட்டிக் கட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு. "கடைசி நாள்ல தூதருங்களுக்கே தீர்ப்பு சொல்லப்போறவங்க நீங்க. வேதத்துல இருக்கா இல்லையா? அப்பேர்ப்பட்டவங்க ஒரு கால் முறிஞ்ச அற்ப விஷயத்துக்கு உலகத்து அதிகாரி முன்னாடி போய்க் கைகட்டி நிக்கலாமா?"

கால் அவருடையதில்லை, அதனால் அற்பமாகத்தான் தெரியும்.

நியாயாதிபதி நாற்காலி வேண்டுமானால் விசாரணை முடிவில் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எந்த உலக அலுவலகத்திலும் புகார் சொல்ல மாட்டேன், சாட்சி சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி. பரலோகப் பதவிக்கான அந்தத் தாள் முதலாளியின் அறையில்தான் அச்சடிக்கப்பட்டது. கூடவே இன்னொன்றும் சொல்லிவைத்தார் ஐயா: தூதன் உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டும், அடிபட்டவனின் மறைவான பாவம்தான் அந்த வாசல்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மறைக்காம சொல்லுங்க. என்ன பண்ணீங்க?"

மனுஷர் ஐயாவின் பேச்சு காதில் விழுந்ததிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். "போன வருஷம் ஒரு உருண்டை சணல் கயிறு எடுத்துட்டு வந்தேன். கேக்காம."

"எதுக்கு?"

"துணி காயப்போட. உன் துணிதான் அதுல காயுது."

தம்பியின் காலுக்குத் தலையணை சரிசெய்துகொண்டிருந்த எடை அக்கா நிமிர்ந்தார். "ஒரு உருண்டை சணலுக்கு ஒரு காலு. அப்போ நம்ம ஓவர்டைமை முழுங்கினவருக்கு எத்தனை காலு போயிருக்கணும்?"

"நீங்க எதையும் நம்ப மாட்டீங்க அண்ணி." மனைவியின் குரல் இறங்கியது. "பொறந்ததுலேர்ந்து எல்லாரும் எனக்குத்தான் தீர்ப்பு சொல்லியிருக்காங்க. ஒரு தடவை நான் அந்த எடத்துல உக்காரணும்னு இருக்கு."

எடை அக்காவிடம் எதற்கும் ஒரு குத்தல் தயாராக இருக்கும். இதற்கு இல்லை. தலையணையை விட்டுவிட்டுச் சொன்னார்: "உக்காரு. தப்பில்ல. ஆனா உக்கார்றவ கேள்வி கேக்கணும். கேக்காம தீர்ப்பு சொன்னா அது ஜட்ஜ் இல்ல, ரப்பர் ஸ்டாம்ப். அது கிடக்கட்டும், பாவம் செஞ்ச தூதருங்களை என்ன பண்ணதா உன் புத்தகத்துல இருக்கு?"

"நியாயத்தீர்ப்பு நாள் வரைக்கும் இருட்டுல, சங்கிலி போட்டு..." மனைவி நிறுத்திவிட்டார்.

"கட்டிப்போட்டவன் எப்படிம்மா லிஃப்ட் ஏறினான்?"

மனைவி உறுதிமொழித் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் விசாரணை தொடங்கியது. லிஃப்ட் வாசலுக்குக் கறுப்புத் திரை. விபத்துக்குப் பிறகு அதே பழைய கேபிளை ஒட்டுப்போட்டு மாட்டியிருந்தார்கள். யாரும் ஏறத் துணியாததால் லிஃப்ட் இரண்டாம் மாடியிலேயே நின்றது. திரைக்குப் பின்னால் இருந்தது வெறும் குழி. ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று விளக்கிவிட்டு ஐயா சங்கிலியைக் குலுக்கினார்.

"நீ விழுந்தவன்தானே?"

டொக்.

கூட்டம் சிலிர்த்தது. சலூன் வாடிக்கையாளர் மழிக்காத கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"லிஃப்ட்டை அறுத்தது நீதானே?"

டொக்.

"இதுல முதலாளி மேல ஏதாவது தப்பு உண்டா?"

டொக், டொக்.

விழுந்தாலும் தூதன் முதலாளி விசுவாசி. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாள்களும் பேனாவும் முன்வரிசைக்கு வந்தன. முதல் சுமைக்காரர் பேனா மூடியைக் கழற்றினார்.

எடை அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்தார். "ஒரு சந்தேகம். தூதனுக்கு எடை எவ்ளோ?"

"ஆவிக்கு ஏதும்மா எடை? நீ விசுவாசியா?"

"நான் எடை போடுறவ. எடையே இல்லாதவன் கேபிளை எப்படி அறுத்தான்?"

"அவிசுவாசிக்கு இங்க பேச உரிமை இல்ல" என்றார் ஐயா.

அப்போது முன்வரிசையில் அடிபட்டவரின் மனைவி எழுந்தார். "எனக்கு உரிமை இருக்குல்ல ஐயா? நான் நியாயாதிபதின்னு நீங்கதானே உக்கார வச்சீங்க. நான் கேக்குறேன்."

ஐயாவால் மறுக்க முடியவில்லை. பதவியைக் கொடுத்தவர் அவர்தான்.

மனைவி திரைக்கு முன்னால் போய் நின்று கையை மூடி முஷ்டியாகத் தூக்கிப் பிடித்தார். "நான் மூணு விரல் நீட்டியிருக்கேனா?"

உள்ளே கொஞ்சம் யோசனை. பிறகு, டொக்.

யாரோ சிரித்துவிட்டார்கள். வானத்தின் உச்சியிலிருந்து உலகத்தையே பார்த்தவனுக்கு ஒரு முழத் தூரத்தில் ஒரு கை தெரியவில்லை.

"பொய்யன்" என்று ஐயா பாய்ந்தார். "பொய்தான் அவன் தொழில். வாயைத் தொறந்தா பொய்தான் வரும்."

"அப்போ முதலாளி மேல தப்பில்லைன்னு சொன்னானே, அதுவும் பொய்தானே ஐயா?"

முதல் சுமைக்காரர் பேனா மூடியை மாட்டினார்.

ஐயா அவசரமாகச் சங்கிலியை லிஃப்ட் கம்பியில் சுற்றினார். "போதும், விசாரணை முடிஞ்சுது. கட்டியாச்சு. இனிமே அவன் அசைய மாட்டான், லிஃப்ட் சுத்தமாயிடுச்சு. கையெழுத்துப் போடுங்க."

"சுத்தமாயிடுச்சா? சந்தோஷம்" என்றார் எடை அக்கா. நேராக நடந்து போய் லிஃப்ட் பட்டன் அருகில் விரலை வைத்தார். "கீழ இறக்குறேன். முதலாளியும் ஐயாவும் ஏறி ரெண்டாம் மாடி வரைக்கும் போயிட்டு வாங்க. வந்ததும் எல்லாரும் கையெழுத்துப் போடுறோம்."

முதலாளிக்கு முட்டி வலி இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஐயாவுக்கு உபவாசம், உயரம் ஆகாது. இருவரும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தபோதே திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, பட்டனை அமுக்கிடாதீங்க. நான் குழிக்குள்ள நிக்கிறேன்."

எடை அக்கா விரலை எடுத்தார். "எடுத்துட்டேன். பயப்படாம ஏறி வா."

திரையை விலக்கிக்கொண்டு, முழங்கால் வரை அழுக்குத் தண்ணீரும் கையில் மரச்சுத்தியுமாக நாற்பது வயதுத் தூதன் ஒருவன் வெளியே வந்தான். ஐயாவின் மனைவியோடு கூடப் பிறந்தவன்.

"பாருங்க, மனுஷ ரூபம் எடுத்துட்டான்" என்று ஐயா கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"போதும் மச்சான்" என்றான் தூதன். "நான் உள்ள இருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்ல? அந்தம்மா பட்டன்ல கைய வைக்கிறாங்க, நீங்க முட்டி வலி, உபவாசம்னு பேசிட்டு நிக்கிறீங்க."

மனைவி அவனருகே போனார். "கட்டியாச்சுன்னு சொன்னாரே. அப்புறம் ஏன் பயந்த?"

"கேபிளைக் கீழேருந்து பாத்தேம்மா. ஒட்டுப்போட்ட எடத்துல பாதி இழை பிஞ்சு தொங்குது. எம்மேல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

மனைவி கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினார், வாசித்துக் காட்டினார், கீழே அவனிடம் கையெழுத்து வாங்கினார். சலூன்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வெள்ளைத் துணி நாற்காலியில் அன்று உருப்படியாக நடந்த விசாரணை அது ஒன்றுதான். அதற்குள் ஐயாவும் முதலாளியும் பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தார்கள்.

வீட்டில் மனைவி கணவரிடம் முழுவதையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் காலைத் தானே முறித்துக்கொண்டதாக இத்தனை நாள் நம்பியவர். "நானும் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன், மன்னிச்சிடுங்க" என்று மனைவி அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை நான்கு சுமைக்காரர்களும் சாட்சி சொன்னார்கள். ஐந்தாவது சாட்சியாக வந்தவன் தூதன். சிகிச்சைச் செலவும் நஷ்டஈடும் முதலாளி தலையில் விழுந்தன. லிஃப்ட்டுக்குப் புதுக் கேபிள் வந்தது. சுமைக்காரர் இப்போது கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறார். மனைவி இன்னமும் ஞாயிறு சபைக்குப் போகிறார், அது அவர் இஷ்டம். ஆனால் அங்கே பிரசங்கியார் எதையாவது அடித்துச் சொன்னால், முடிந்ததும் எழுந்து ஒரு கேள்வி கேட்கிறாராம். பிரசங்கங்கள் நீளம் குறைந்துவிட்டதாகக் கேள்வி.

சங்கிலி ஐயா சும்மா இல்லை. வேறோர் ஊரில், வேறொரு தொழிற்சாலையில், கொதிகலனுக்குள் ஒரு தூதனைக் கண்டுபிடித்திருக்கிறாராம். உங்கள் ஊருக்கும் வருவார். தாராளமாகப் போய்ப் பாருங்கள். ஆனால் அவர் யாருடைய வண்டியில் வந்து இறங்குகிறார் என்று மட்டும் கவனியுங்கள். சாத்தானைப் பிடிக்க விசுவாசம் வேண்டுமோ என்னமோ, சாத்தானைக் காட்டுகிறவனைப் பிடிக்கக் கொஞ்சம் மூளை போதும்.