எறும்புக்கு வைத்த சிவப்புப் பொட்டு

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம், எறும்புகளும் நலம். அத்தையின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"டாக்டர் பட்டத்த எப்பதான் முடிப்பே?" என்று நீங்கள் கேட்காத மாதமில்லை. இனி கேட்க வேண்டாம். ஆராய்ச்சியை விட்டுவிட்டு உங்கள் டைல்ஸ் கடையிலேயே சேர்வதென்று உறுதியாக முடிவெடுத்துவிட்டேன்.

காரணம் அத்தைதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். எறும்புக் கூட்டத்தில் வழிகாட்டி என்று தனியாக ஓர் எறும்பு உண்டா என்பதுதானே என் ஆராய்ச்சி? அடையாளத்துக்குச் சில எறும்புகளின் முதுகில் பொட்டு வைக்க வேண்டும். ஆய்வகத்தில் சாயம் தீர்ந்துபோன சமயத்தில், "நகத்துலயாவது கொஞ்சம் களை வரட்டும்டி" என்று அத்தை கொடுத்த சிவப்பு நெயில் பாலிஷ் கைகொடுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசி முனையால் வைத்தேன். ஏசி நின்று முதல் கூட்டம் செத்தது, மறுபடி வளர்த்தேன். அடுத்த கூட்டம் தப்பித்து நேரே துறைத்தலைவரின் பிஸ்கட் டப்பாவுக்குள் போனது, அவர் நாற்காலிக்கடியில் தவழ்ந்து பொறுக்கி வந்தேன். மூன்றாவது கூட்டம்தான் தங்கம். பொட்டு வைத்தது முன்னே போக, மற்றவையெல்லாம் பின்னாலேயே போயின. எனக்குத் தலைகால் புரியவில்லை. நேற்று என் பேராசிரியை எல்லார் முன்னாலும் கேட்டார்: "அதே பொட்ட ஒரு குச்சில வச்சுப் பாத்தியாம்மா?" வைத்தேன். குச்சியை இழுத்தேன். அத்தனையும் குச்சிக்குப் பின்னால் போயின! வழிகாட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, எல்லாம் பாலிஷ் வாசனை. "பட்டத்த குச்சிக்கே குடுத்துடலாம்" என்றான் பக்கத்து மேஜைக்காரன். கழிப்பறைக்குப் போய் அழுதேன் மாமா.

ஆகவே திங்கட்கிழமை வருகிறேன். டைல்ஸ் சாகாது, தப்பி ஓடாது. அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் சொல் கேட்கும் மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை எறும்புகளுக்குச் சர்க்கரை வைக்கப் போனேன். கூட்டத்தில் ஒரு நொண்டி உண்டு. பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால் அதற்கு மட்டும் நான் பொட்டே வைத்ததில்லை. அது பாட்டுக்கு முன்னே நடக்கிறது, மற்றதெல்லாம் பின்னால்! பழைய வாசனை போகத் தரையைத் துடைத்தேன், சர்க்கரையை இடம் மாற்றினேன், மறுபடியும் நொண்டிதான் முன்னே. பேராசிரியைக்குப் போன் செய்தால், "பாலிஷ் படாத புதுக் கூட்டம் வச்சு முதல்லேர்ந்து ஆரம்பி" என்கிறார். முதலிலிருந்தாம்! சந்தோஷமாகப் புதுக் கூட்டத்துக்குப் பெட்டியைக் கழுவி வைத்துவிட்டேன். கடைக்கு வேறு ஆள் பாருங்கள். "எப்ப முடிப்பே" என்று மாதாமாதம் தாராளமாகக் கேளுங்கள். மேலே எழுதியதையெல்லாம் நீங்களே அடித்துவிடுங்கள் மாமா, வேறு கடிதம் எழுத எனக்கு நேரமில்லை.